குளிர்நாளின் ஓட்டத்திற்கு ஆயத்தமா?



இந்த மாதப் பாடம் சரீரத்தைப் பற்றியது. ஓட்டத்தைக் குறித்து அப்போஸ்தலனாகிய பவுல் எழுதியதைப் பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அதை நான் இங்கே தொடப்போவதில்லை. மெய்யான தார் ரோட்டில், மெய்யான குளிரில், ஷூ போட்டுக்கொண்டு ஓடுகிற ஓட்டத்தைப் பற்றியே எழுதுகிறேன். காரணம் என்ன? இலைகள் சிவக்க ஆரம்பித்தவுடனே நம்முடைய வாலிபர்கள் வந்து, "பாஸ்டர், நாங்க ஓட்டத்துக்குப் பேர் கொடுத்துட்டோம்" என்று சந்தோஷமாய்ச் சொல்லுகிறார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே ஐம்பது வயது அண்ணன்மாரும் அக்காமாரும், "அப்போ நாங்களும் வர்றோம்" என்கிறார்கள். எனக்குப் பயமெல்லாம் இந்த இரண்டாவது கூட்டத்தாரைக் குறித்துத்தான்.

எந்த ஓட்டம்? ஒன்ராறியோவில் இருக்கிற நமக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், ஈரி ஏரிக் கரையில் பஃபலோ பட்டணம் இருக்கிறது. அங்கே நவம்பர் நான்காம் வியாழன் காலையில், அமெரிக்கர்கள் நன்றி செலுத்தும் பண்டிகையன்று, 'டர்க்கி டிராட்' என்கிற ஓட்டம் நடக்கிறது. வான்கோழி ஓட்டம் என்று சொல்லலாம். தூரம் 8 கிலோமீட்டர். நடத்துகிறவர்கள் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார். முதலாவது ஓட்டம் 1896ம் வருஷம். பெயர்பெற்ற பாஸ்டன் மாரத்தான்கூட அதற்கு ஐந்து மாதம் கழித்து, 1897 ஏப்ரலில்தான் தொடங்கிற்று.

முதல் வருஷம் ஓடினவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறே பேர். முடித்தவர்கள் நான்கு பேர். நின்றுபோனவர்களில் ஒருவர் காலை ஆகாரத்தைத் தாமதமாய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவராம். அது வயிற்றில் தங்கவில்லை. இப்பொழுது ஆயிரக்கணக்கான ஜனங்கள், பாட்டியும் பேரனும், வான்கோழி வேஷம் போட்டவர்களுமாக ஓடுகிறார்கள். ஆனாலும் அந்த மனுஷன் செய்த தவறை இன்றைக்கும் அநேகர் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னே இரண்டு இட்லியோ, இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வாழைப்பழமுமோ போதும். முந்தின இரவு பிரியாணி வேண்டாம். மறுநாள் மத்தியானம் எப்படியும் விருந்து உண்டு!

எட்டு வாரம்

செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்தால் சரியாக எட்டு வாரம் கிடைக்கும். இதுவரை ஓடாதவர் முதல் வாரத்தில் ஒரு நிமிஷம் மெதுவாய் ஓடி, இரண்டு நிமிஷம் நடக்கட்டும். இப்படி அரைமணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள். வாரம் செல்லச்செல்ல ஓட்டத்தைக் கூட்டி, நடையைக் குறைக்கலாம். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாய்ப் பேச முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். பேச மூச்சு வரவில்லையென்றால் வேகம் அதிகம். முழுவதும் வேகமாய் நடந்தாலும் 8 கிலோமீட்டரை 80 அல்லது 90 நிமிஷத்தில் முடித்துவிடலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அதன்பின் வேலை முடிந்து வரும்போதே இருட்டிவிடும். வெளிச்சம் பட்டால் மின்னுகிற சட்டை போடுங்கள்; நடைபாதை இல்லாத ரோட்டில் எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். நனைந்த இலைகள் வாழைப்பழத் தோலைப்போல வழுக்கும். அதற்குக் கீழே உறைபனி இருந்தால் கண்ணுக்கே தெரியாது.

நான் பட்ட பாடு

என் முதல் குளிர்கால ஓட்டத்தில் நான் என்ன செய்தேன்? பருத்தி பனியன், அதன்மேல் பருத்திச் சட்டை, அதற்கும் மேல் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ஸ்வெட்டர். புறப்படும்போது கதகதப்பாய் இருந்தது. இரண்டு கிலோமீட்டரில் வியர்த்துக் கொட்டிற்று. ஐந்தாவது கிலோமீட்டரில் ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு, அது காலில் தட்டத்தட்ட ஓடினேன். முடித்தபின் நண்பர்களுக்காக இருபது நிமிஷம் நின்றேன் பாருங்கள், அப்போதுதான் ஆபத்து வந்தது. பல் கிட்டிற்று. விரலால் ஷூ கயிற்றை அவிழ்க்க முடியவில்லை.

நடந்தது இதுதான். ஓடுகிற சரீரம் தானே ஒரு அடுப்பு. ஆகையால் வெப்பமானி காட்டுவதைவிட எட்டுப் பத்து டிகிரி கூடுதல் என்று எண்ணி உடுத்த வேண்டும். புறப்படுகிற இடத்தில் சற்றே குளிர வேண்டும். அங்கேயே சுகமாய் இருந்தால் அதிகமாய் உடுத்தியிருக்கிறீர்கள். பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓட்டம் நின்றதும் அடுப்பு அணைகிறது. ஈரத்துணியும் காற்றும் மிச்சமிருக்கும் சூட்டைப் பறித்துக்கொள்ளும். ஈரத்தை வெளியே தள்ளுகிற பாலியஸ்டர் சட்டையோ, மெல்லிய கம்பளிச் சட்டையோ உள்ளே இருக்கட்டும். மேலே காற்றைத் தடுக்கிற லேசான ஜாக்கெட். கையுறையும் காதை மூடும் தொப்பியும் மறக்கவேண்டாம். சூடானால் அவற்றைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாமே. புறப்படும் வரைக்கும் ஒரு பழைய ஸ்வெட்டரை மேலே போட்டு நில்லுங்கள்.

பஃபலோவில் இன்னொரு காரியம். ஓட்டம் டெலவேர் அவென்யூ வழியாய் வடக்கே தொடங்கி, தெற்கே நகரத்தின் நடுவில் முடிகிறது. அதாவது முடிக்கிற இடத்தில் உங்கள் கார் இருக்காது! காய்ந்த சட்டை, பனியன், காலுறை எல்லாம் ஒரு பையில் போட்டு, முடிவிடத்தில் நிற்கிற ஒருவரிடம் முன்னமே கொடுத்து வையுங்கள். ஓடாத சகோதரிகள் பிளாஸ்கில் டீயோடு அங்கே நின்றால் அது பெரிய ஊழியம். தென்மேற்கிலிருந்து ஏரிக்காற்று முகத்தில் அடிக்கும் நாட்களும் உண்டு. கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி ஓடுங்கள், கொஞ்சம் மறைவு கிடைக்கும். அந்த ஏரியின் சூடு தணியுமுன் குளிர்காற்று அதன்மேல் வீசினால் பனி கொட்டும். 2014 நவம்பரிலும் 2022 நவம்பரிலும் பட்டணத்துக்குத் தெற்கே சில ஊர்களில் ஆறு அடிக்கு மேல் விழுந்தது. ஆகவே முந்தின நாள் வானிலை பாராமல் காரை எடுக்காதீர்கள்.

நடுக்கம் எதனால்?

இப்போது முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். தெற்காசிய ஜனங்களாகிய நமக்குச் சர்க்கரை வியாதியும் இருதய வியாதியும் மற்றவர்களைவிடச் சிறுவயதிலேயே வருகிறது. இது மருத்துவர்கள் நன்றாய் அறிந்த உண்மை. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், இரத்த அழுத்தம் ஏறும், இருதயத்துக்கு வேலை கூடும். அதன்மேல் பழக்கமில்லாத ஓட்டமும் சேர்ந்தால்? நாற்பது தாண்டினவர்கள், சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் உள்ளவர்கள், பெயர் கொடுக்கும் முன்னே டாக்டரைப் பாருங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லை பாஸ்டர்" என்கிறவர்தான் எனக்கு அதிகக் கவலை.

நமக்கு அறிமுகமான ஒரு சகோதரர், சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர், ஒரு சிறிய ஓட்டத்தில் வெறும் வயிற்றோடு ஓடினார். பாதி வழியில் கை நடுங்கிற்று. குளிர்தானே என்று எல்லாரும் நினைத்தோம். ஒருவர் தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்தினார். ஆனா அவர் நெற்றி வியர்த்திருந்தது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். கூட்டத்தில் இருந்த ஒரு நர்ஸ் அம்மா அதைக் கவனித்து, ஆரஞ்சு ஜூஸ் குடிக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். அந்த அம்மா இல்லாவிட்டால் நாங்கள் போர்த்திக்கொண்டே நின்றிருப்போம்.

குளிர் நடுக்கமும் சர்க்கரை குறைந்த நடுக்கமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குளிரில் நடுங்குகிறவருக்கு வியர்வை, திடீர்ப் பசி, குழப்பப் பேச்சு சாதாரணமாய் வராது. சந்தேகமானால் சர்க்கரை கொடுத்துவிடுங்கள். ஒரு சின்ன டம்ளர் ஜூஸ் கெடுதி செய்யாது. ஆனால் மயங்கிக் கிடக்கிறவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 911ஐ அழையுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்குகிற மாத்திரையோ எடுப்பவர்கள் புறப்படும் முன் சோதித்துப் பாருங்கள். 100க்குக் கீழே (கனடா அளவில் 5.6) இருந்தால் கொஞ்சம் சாப்பிடாமல் ஓடவேண்டாம். குளுக்கோஸ் மாத்திரை பையில் இருக்கட்டும். சோதிக்கிற கருவி கடுங்குளிரில் சரியாய் வேலை செய்யாது, உள்சட்டைப் பையில் சரீரச் சூட்டில் வையுங்கள். இன்சுலினைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உறைந்தால் அது கெட்டுப்போகும்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்காற்று வறண்ட காற்று, மூச்சுக்குழாயைச் சுருக்கும். மெல்லிய துணியால் வாயையும் மூக்கையும் மூடி ஓடுங்கள். டாக்டர் சொல்லியிருந்தால் பதினைந்து நிமிஷத்துக்கு முன்னே இன்ஹேலர் இழுத்துக்கொள்ளுங்கள், அதைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாருமே பத்து நிமிஷமாவது வேகமாய் நடந்து, மெல்ல ஓடி, சரீரத்தைச் சூடாக்கிக்கொண்டுதான் கோட்டில் நிற்க வேண்டும். முதல் கிலோமீட்டரில் வாலிபர் பாய்ந்து போவார்கள். போகட்டும்! அவர்களில் பலரை ஆறாவது கிலோமீட்டரில் நடக்கிறவர்களாய்ப் பார்ப்பீர்கள்.

மார்பில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, தலைசுற்றல் வந்தால் அங்கேயே நில்லுங்கள். ஓரத்தில் நிற்கிற தொண்டரைக் கூப்பிடுங்கள். "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று எண்ணவேண்டாம்.

இந்த வருஷம் நம்மில் ஓடப்போகிறவர்கள் வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். யார் யார் என்ன மருந்து எடுக்கிறீர்கள், வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதி, நெஞ்சில் குத்துகிற எண் அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்வோம். முடிவிடத்தில் பைகளோடு நிற்க இரண்டு பேர் வேண்டும். பிளாஸ்க் நான் கொண்டுவருகிறேன்.