கறிவேப்பிலை போன தூரம்

கேள்வி: தென் அமெரிக்காவில் இருக்கும் கயானா ஏன் வெஸ்ட் இண்டீஸ் அணியில் ஆடுகிறது? அங்கே தமிழர்கள் உண்டா? (வாசகர், தாராவி)

பதில்: நிலத்தால் தென் அமெரிக்கா, வரலாற்றால் கரீபியன். ஆங்கிலேயரின் கரும்புத் தோட்டங்கள் சேர்த்துவைத்த உறவு அது. 1973இல் உருவான கரீபியச் சமூக அமைப்பான காரிகாமுக்குத் தலைமையகமே கயானாவின் ஜார்ஜ்டவுன்தான். அந்நாட்டின் பிராவிடன்ஸ் மைதானம் 2007 உலகக் கோப்பைக்காக இந்திய உதவியோடு கட்டப்பட்டது.

தமிழர் இல்லாமலா! சென்னையில் கப்பலேறியதால் அவர்களுக்கு அங்கே 'மதராசி' என்று பெயர். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்த மோசஸ் வீராசாமி நாகமூத்து அந்த வழி வந்தவர். தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. தப்பு, வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், சாமியாட்டம் என்று எல்லாம் உங்கள் தெரு ஆடித் திருவிழா மாதிரியேதான். கரீபியத் தீவான டிரினிடாட்டில் மங்கிக்கொண்டிருந்த இந்த வழிபாட்டுக்கு 1970களில் புத்துயிர் கொடுத்தவர்களும் கயானா பூசாரிகள்தான். இரு நாட்டு உறவு என்றால் தூதரகம் மட்டும்தானா என்ன?

டிரினிடாட் சந்தையில் 'கராபுலே' என்று கேட்டுப் பாருங்கள். மாட்டுங்காவில் காய்கறியோடு கொசுறாக வாங்குகிறோமே, அதே கறிவேப்பிலை! ஆனால் அங்கே போக மும்பையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. லண்டன், நியூயார்க் போன்ற ஊர்கள் வழியாகச் சுற்றித்தான் போகவேண்டும்.