வெயிலும் காய்ச்சலும் - இருவகைக் கதிர்வீச்சு

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு உள்ளது. சித்திரைப் பௌர்ணமி விழாவுக்காக அதன் நீரை இறைத்துவிடுவார்கள். அப்போது படிகளில் இறங்கி நிலத்தடி மண்டபத்தை அடையலாம். வெயிலில் வாடி வந்தவர் அங்கே இறங்கியதும் வெயில் அவரை விட்டுவிடும். காய்ச்சலோடு வந்தவர் இறங்கினால்? காய்ச்சலும் அவரோடு படியிறங்கும்!

கதிரியக்கப் பொருள்கள் உடலைத் தாக்கும் முறையும் இவ்வாறே இருவகைப்படும். பொருள் உடலுக்கு வெளியே இருந்தால் புறக் கதிர்வீச்சு. மூச்சு, உணவு, நீர், காயம் வழியாக உள்ளே புகுந்துவிட்டால் அகக் கதிர்வீச்சு. இரண்டுக்கும் நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு.

2010ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பயனின்றிக் கிடந்த காமாக் கதிர்க் கருவி ஒன்று ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரியின் பழைய இரும்புக் கடைகளில் அதைப் பிரித்தபோது உள்ளிருந்த கோபால்ட்-60 வெளிப்பட்டது. அதன் காமாக் கதிர்கள் தோல், தசை, எலும்பு எல்லாவற்றையும் ஊடுருவ வல்லவை. ஒருவர் உயிரிழந்தார், மேலும் சிலர் நோயுற்றனர். ஒருவர் அதன் துண்டைத் தம் பர்ஸிலேயே வைத்திருந்தார். எதிர் இருமடி விதியை நினைவுகூருங்கள். சிறு துண்டு ஒன்று 1 மீட்டரிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு நெருங்கினால் தாக்கம் ஏறத்தாழ 10,000 மடங்காகும். விலகி நின்றாலோ, நடுவே தடித்த ஈயத்தை வைத்தாலோ குறைந்துவிடும்.

அடுத்தது 2009 நவம்பரில் கர்நாடகத்துக் கைகா அணுமின் நிலையத்தில் நடந்தது. கல்பாக்கத்தின் மின் உலைகளைப் போல அங்கும் கனநீர் உலைகளே உள்ளன. கனநீரிலுள்ள டியூட்டீரியம் நியூட்ரானை ஏற்று டிரிட்டியமாகிறது. அந்த நீரை யாரோ குடிநீர்க் குளிரூட்டியில் கலந்துவிட்டார்கள். குடித்த தொழிலாளர்கள் 50 பேருக்கும் மேல்.

டிரிட்டியத்தின் பீட்டாத் துகள் மிக வலுவற்றது. காற்றில் 6 மில்லிமீட்டர் செல்வதே பெரிது. தோலின் மேலுள்ள இறந்த படலத்தைக்கூடத் தாண்டாது. மூடிய குப்பியைக் கையில் பிடித்திருந்தால் ஒன்றும் நேராது. ஆனால் குடித்தபின் அது உடல் நீரோடு கலந்து ஒவ்வொரு உயிரணுவையும் எட்டிவிடும். அங்கே இறந்த தோல் ஏது? துகளின் ஆற்றல் முழுவதும் உள்ளேயே செலவாகும். மார்பில் அணியும் கதிர்வீச்சு அளவியும் இதைக் காட்டாது. சிறுநீர்ச் சோதனைதான் கைகாவில் இதைக் காட்டிக் கொடுத்தது.

விலகி ஓடவும் முடியாது, ஈயமும் உதவாது. எனில் செய்வது என்ன? கணக்கைப் பாருங்கள். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், அதாவது சுமார் 4,500 நாட்கள். உடலோ தன் நீரில் பாதியைச் சுமார் 10 நாட்களில் மாற்றிவிடுகிறது. இரண்டும் சேர்ந்த பயனுறு அரை ஆயுளுக்கு வாய்பாடு:

1/T = 1/4500 + 1/10

விடை ஏறத்தாழ 10 நாட்களே! 30 நாட்களில் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர் பெருக்கும் மருந்தும் உட்கொண்டால் இன்னும் விரைவில் வெளியேறும். தண்ணீரோடு வந்ததைத் தண்ணீரே வெளியேற்றுகிறது. ஸ்ட்ரான்ஷியம்-90 இப்படி எளிதில் போகாது. கால்சியத்தைப் போல எலும்பில் குடியேறிப் பல ஆண்டுகள் தங்கும்.

எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவரைத் தொட அஞ்சுவோர் இன்றும் உண்டு. வீண் அச்சம்! கதிர் பட்டதால் அவர் கதிரியக்கமுடையவர் ஆவதில்லை.

உங்கள் உடலில் மட்டும் கதிரியக்கம் இல்லையா? உண்டு. உணவிலுள்ள பொட்டாசியத்தில் சிறு பகுதி பொட்டாசியம்-40. வளர்ந்த ஒருவர் உடலில் இது நொடிக்குச் சுமார் 4,000 அணுக்கள் வீதம் சிதைகிறது. அதற்காக இளநீரை ஒதுக்க வேண்டாம். மிகுதியான பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுவதால் இந்த எண்ணிக்கை பெரிதும் மாறுவதில்லை.