நாரும் நுண்ணுயிரும்

நாம் உண்ணும் உணவு முழுவதையும் நாமே செரித்துக்கொள்வதாக எண்ணுகிறோம். அது உண்மையன்று. காய், கனி, பயறு, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளைச் செரிக்கும் நொதிகள் நம் உடலில் இல்லை. எனவே அது சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை அடைகிறது. அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களுள் பல, அந்நாரின் ஒரு பகுதியைப் புளிக்கவைத்து அசெட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களை ஆக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவரிலுள்ள செல்களுக்குப் பியூட்டிரிக் அமிலமே முதன்மையான உணவு.

நார் கிடைக்காவிட்டால் அவை பட்டினி கிடக்குமா? 2016இல் வெளியான ஓர் ஆய்வில், மனிதக் குடல் நுண்ணுயிர்களை எலிகளின் குடலில் குடியேற்றி, அவ்வெலிகளுக்கு நாரற்ற உணவு தந்தனர். நுண்ணுயிர்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்துத் தின்னத் தொடங்கின. சோறிடாத வீட்டின் கூரையைப் பிடுங்கும் விருந்தாளிகள்!

உடற்பருமனைப் பற்றிய ஆய்வு இதனினும் சுவையானது. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர் 2013இல் வெளியிட்டது அது. ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருந்த இரட்டையரின் குடல் நுண்ணுயிர்களைத் தனித்தனியே எலிகளுக்குச் செலுத்தினர். பருத்தவருடையதைப் பெற்ற எலிகளின் உடலில் கொழுப்பு மிகுந்தது. இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் விட்டபோது, மெலிந்தவரின் நுண்ணுயிர்கள் மற்ற எலிகளிலும் குடியேறி அப்பருமனைத் தடுத்தன. ஆனால் கொழுப்புக் குறைந்து, காய்கனி மிகுந்த உணவு தந்தபோதுதான் இது நிகழ்ந்தது. குடியேறுவோருக்கும் உணவு வேண்டுமல்லவா?

எலிகளிடம் கண்டதை நம்மிடம் அப்படியே எதிர்பார்க்கலாகாது. மனிதரிடையே நுண்ணுயிர்களை மாற்றி எடை குறைக்க முயன்ற சோதனைகள் பெரும்பயன் தரவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. நம் நண்பர் ஒருவர் இரவுணவை விட்டுவிட்டு, அந்தப் பணத்தில் எடை குறைக்கும் நுண்ணுயிர் மாத்திரை வாங்கி விழுங்குகிறார். மாத்திரையில் வருபவர்க்கு நார் எங்கே? எடையைப் பொறுத்தவரை நாரின் பணி எளியது: வயிற்றை நிரப்பும், மெல்ல நேரமெடுக்கும், மாவுச்சத்தைவிடக் குறைந்த ஆற்றலே தரும்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார் வேண்டும் என 2023இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் அரைக் கிராம் நார்கூடத் தேறுவது அரிது. அதே அளவு வெந்த ராஜ்மாவில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. வடக்கே வந்தும் நாம் தட்டில் ஒதுக்கி வைப்பது எதை என்று சொல்லவும் வேண்டுமோ? கொண்டைக்கடலையும் கொய்யாவும் அவ்வாறே நார் மிகுந்தவை.

ஒரே நாளில் அளவைக் கூட்டிவிடாதீர்கள். சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் நிறைய அருந்துங்கள். நுண்ணுயிர்கள் புளிக்கவைக்கும்போது வாயுவும் உண்டாகும். முதல் வாரம் அறைத்தோழர் பொறுத்தருள்வாராக.