எஞ்சின் ஓடுகிறது, டிராக்டர் நகரவில்லை: காரணம் கண்டறியும் முறை

குமரி மாவட்டத்தில் கன்னிப்பூ அறுவடைக்கும் கும்பப்பூ நடவுக்கும் இடையே கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. அந்த நாட்களுக்குள் தாளை மடக்கி உழுது, தொளி அடித்து, வயலைச் சமன் செய்தாக வேண்டும். மத்திய கால நெல் ரகங்களுக்கு 25 முதல் 30 நாள் வயதுள்ள நாற்றே நடவுக்கு ஏற்றது. அதற்கு மேல் முற்றிய நாற்றை நட்டால் தூர் குறையும். தூர் குறைந்தால் மகசூலும் குறையும்.

புதுக்கடை வட்டாரத்தில் வாழை, மரச்சீனி, தென்னை ஆகியவற்றுக்கு நடுவே சிறு சிறு துண்டுகளாக நெல் வயல்கள் உள்ளன. ஓர் ஏலாவில் பலருடைய வயல்களையும் ஒரே டிராக்டர் உழுவது வழக்கம். அது நின்றுவிட்டால் ஒருவருக்கு மட்டுமல்ல, வரிசையில் காத்திருக்கும் அனைவருக்கும் நடவு தள்ளிப்போகும்.

அவ்வாறு நிற்கும்போது அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்: "எஞ்சின் நன்றாக ஓடுகிறது, கியர் போட்டுக் கிளட்சை விட்டாலும் வண்டி நகரவில்லை." உடனே, "கியர் பாக்ஸ் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். டிராக்டரில் கிளட்ச் பிளேட்டைப் பார்க்க வேண்டுமானால்கூட, எஞ்சின் வேறு கியர் பாக்ஸ் வேறாக வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். செலவும் அதிகம், நாளும் அதிகம். ஆகவே ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன், செலவில்லாத சில சோதனைகளை விவசாயிகளே செய்து பார்க்கலாம்.

விசை செல்லும் வழி

எஞ்சினில் உண்டாகும் விசை முதலில் கிளட்சுக்கும், அங்கிருந்து கியர் பாக்சுக்கும், பின்பு டிபரன்ஷியலுக்கும், கடைசியாக இரண்டு அச்சுத் தண்டுகள் வழியாகப் பின் சக்கரங்களுக்கும் செல்கிறது. வாய்க்காலில் மடை திறந்தும் கடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மடையிலிருந்து வரிசையாகத்தானே பார்த்து வருவோம்? இங்கும் அப்படியே பார்க்க வேண்டும்.

முதலில் நெம்புகோல்களைப் பாருங்கள்

பல டிராக்டர்களில் கியர் நெம்புகோலுடன், வேகம் கூட்டிக் குறைக்கும் 'ஹை-லோ' நெம்புகோல் ஒன்றும் உண்டு. அது நடுநிலையில் இருந்தால் எந்தக் கியர் போட்டாலும் வண்டி நகராது. ஓட்டுநரின் கால் பட்டு அது நழுவியிருக்கலாம். கியர் நெம்புகோல் எந்தப் பிடிப்பும் இல்லாமல் தளர்ந்து ஆடினால், அதன் அடிமுனை உள்ளேயுள்ள தண்டை விட்டு விலகியிருக்கலாம். இது மேல்மூடியைத் திறந்து பார்க்கும் அளவுள்ள வேலை. பெரும்பாலும் வண்டியைப் பிரிக்கத் தேவையிருக்காது.

எஞ்சின் அணைகிறதா, அணையவில்லையா?

நெம்புகோல்கள் சரியாக இருந்தால், கியரில் போட்டுக் கிளட்சை மெதுவாக விட்டு எஞ்சினைக் கவனியுங்கள். இந்த ஒரு கேள்வியே பழுதை இரண்டாகப் பிரித்துவிடும்.

எஞ்சின் திணறி அணைந்தால், விசை கிளட்சைத் தாண்டிப் போகிறது. ஏதோ ஒன்று வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்று பொருள். எஞ்சின் அணையாமல், எந்தச் சுமையும் இல்லாததுபோல் ஓடிக்கொண்டே இருந்தால், விசை வழியில் எங்கோ அறுபடுகிறது என்று பொருள்.

அணைந்தால்

பார்க்கிங் பிரேக் விடுபட்டிருக்கிறதா, கலப்பை மண்ணில் ஆழமாகப் பதிந்துள்ளதா என்று முதலில் பாருங்கள். பிறகு சமதளத்தில் எஞ்சினை நிறுத்தி, கியரை நடுநிலையில் வைத்து, நாலு பேராக வண்டியைத் தள்ளிப் பாருங்கள். நகரவில்லை என்றால் பிரேக் இறுகியிருக்கக் கூடும்; சேறும் துருவும் ஏறிய பிரேக்குகள் இப்படிப் பிடித்துக் கொள்ளும். எளிதாக நகர்ந்தால் பிரேக்கில் குற்றமில்லை. கியர் பாக்சில் இரண்டு கியர்கள் ஒரே நேரத்தில் விழுந்து இறுகியிருக்கலாம்.

அணையாவிட்டால்

முதல் சந்தேகம் கிளட்ச் மீதுதான். முன் நாட்களில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மேட்டில் ஏறும்போது எஞ்சின் இரைச்சல் கூடி, வேகம் மட்டும் கூடாமல் இருந்ததா? கருகிய வாடை வந்ததா? அப்படியானால் கிளட்ச் பிளேட் வழுக்கி வழுக்கித் தேய்ந்திருக்கிறது.

கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் ஓரளவு தூரம் எளிதாக இறங்கி, பிறகுதான் இறுக வேண்டும். இதுவே 'பிரீ பிளே'. பொதுவாக ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு அதன் கையேட்டில் உள்ளது. இந்தத் தளர்வு அறவே இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் பாதி அழுத்திய நிலையிலேயே இருக்கிறது. பிளேட் முழுதும் தேயாத நிலையில், இணைப்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்தாலே வண்டி நகர்ந்துவிடக் கூடும்.

மாறாக, 'டப்' என்ற சத்தத்துடன் திடீரென நின்றிருந்தால், தண்டோ பல்சக்கரமோ முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். சத்தத்துடன் நின்ற வண்டியில் மீண்டும் மீண்டும் கியர் போட்டுப் பார்க்கக் கூடாது. உடைந்த துண்டு மற்றப் பற்களையும் கெடுத்துவிடும்.

பி.டி.ஓ. தண்டைக் கொண்டு சோதனை

ஒற்றைக் கிளட்ச் உள்ள டிராக்டரில், ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கும் அதே கிளட்ச் வழியாகத்தான் விசை வருகிறது. கருவியைக் கழற்றிவிட்டு, ஒருவர் இருக்கையில் அமர்ந்து பி.டி.ஓ.வை இயக்கட்டும். தண்டு சுழலவே இல்லையென்றால் பழுது கிளட்சில் இருக்க வாய்ப்பு அதிகம். சுழன்றால் கிளட்ச் முற்றிலும் போய்விடவில்லை. ஆனால் சுமையில் வழுக்குகிறதா என்பதை மேலே சொன்ன அறிகுறிகளால்தான் அறிய வேண்டும். இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டரில் பி.டி.ஓ.வுக்குத் தனிப் பிளேட் இருப்பதால், தண்டு சுழல்வதை வைத்து முதன்மைக் கிளட்ச் நல்லது என்று முடிவு செய்யலாகாது. சுழலும் தண்டின் அருகே வேட்டி, துண்டுடன் யாரும் நிற்கக் கூடாது.

அடுத்தது டிபரன்ஷியல் லாக் சோதனை. உறுதியான தரையில், வண்டி நேராக நிற்கும்போது டிபரன்ஷியல் லாக் பெடலை அழுத்திக் கொண்டு மெதுவாகக் கிளட்சை விடுங்கள். அதுவரை நகராத வண்டி இப்போது நகர்ந்தால், ஒரு பக்க அச்சுத் தண்டு முறிந்திருக்கலாம். வரப்பு ஓரம் கொண்டுவர மட்டும் இதைப் பயன்படுத்தலாம். அப்படியே உழவைத் தொடரக் கூடாது.

பவர் டில்லரில்

சிறு வயல்களில் ஓடும் பவர் டில்லர்களில் எஞ்சினிலிருந்து விசையைக் கொண்டு செல்வது வி-பெல்ட்டுகள். அவை தளர்ந்திருந்தாலோ எண்ணெய் பட்டிருந்தாலோ வழுக்கும். ஒரு பெல்ட் மட்டும் தேய்ந்திருந்தாலும் முழு செட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிதும் பழையதும் சேர்ந்தால் சுமை முழுவதும் புதியதன் மேல் விழும். பின்னால் சுழல் கத்திகள் சுழன்று, சக்கரங்கள் மட்டும் நின்றால், பெல்ட்டும் முதன்மைக் கிளட்சும் சரியாக உள்ளன. கைப்பிடியின் கீழுள்ள திருப்பும் கிளட்சுகளின் கம்பிகள் இறுகி, விடுபடாமல் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

சேற்றில் புதைந்தால் எச்சரிக்கை

ஒரு சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, மற்றது அசையாமல் இருந்தால் அது பழுதன்று. பிடிப்பு இல்லாத சக்கரத்துக்கே சுழற்சி போவது டிபரன்ஷியலின் இயல்பு. கிளட்சை அழுத்திச் சக்கரங்கள் நின்ற பின் டிபரன்ஷியல் லாக்கைப் போட்டு, பின்னோக்கி எடுக்க முயலுங்கள். திரும்பும்போது லாக் போடக் கூடாது.

பின் சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கி எடுக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். சக்கரம் சுழல இடமில்லாதபோது வண்டியின் முன்பகுதி மேலே எழும்பி, கண்மூடித் திறப்பதற்குள் ஓட்டுநர் மேல் பின்புறமாகக் கவிழ்ந்துவிடும். பின்னோக்கி எடுத்தும் வராவிட்டால் வேறொரு டிராக்டரால் இழுப்பதே பாதுகாப்பு.

பட்டறையில் கேட்க வேண்டியது

கிளட்ச் பிளேட் மாற்றினால் கழற்றிய பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் வரை ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் அது வயதினால் வந்த தேய்மானம். எண்ணெய் ஊறியிருந்தால் ஆயில் சீல் கசிகிறது. சீலை மாற்றாமல் புதுப் பிளேட் போட்டால் அதுவும் விரைவில் வழுக்கும். கருகியிருந்தால் சூடேறி வழுக்கியிருக்கிறது. பிரீ பிளேயையும், ஓட்டுநர் பெடலில் கால் வைத்தபடியே ஓட்டுகிறாரா என்பதையும் கவனிக்க வேண்டும்.

வருமுன் காக்க

1. உழும்போது கிளட்ச் பெடலில் கால் வைத்திருக்கக் கூடாது. இந்த ஒரு பழக்கமே பல பிளேட்டுகளைக் கெடுக்கிறது.

2. பிரீ பிளேயை நடவுப் பருவத்துக்கு முன் அளந்து சரிசெய்ய வேண்டும்.

3. கிளட்ச் கூட்டின் அடியில் வடிதுளை உள்ள டிராக்டர்களில், சேற்று உழவுக்கு முன் அதை அடைத்து, உழவு முடிந்ததும் திறந்து தேங்கிய நீரை வடிக்க வேண்டும்.

4. கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. உடனே மாற்றி, எங்கிருந்து தண்ணீர் புகுந்தது என்றும் பார்க்க வேண்டும்.

5. மழைக்காலத்தில் வண்டி வெகுநாள் நிற்குமானால், பெடலை அழுத்திய நிலையில் கொக்கி மாட்டியோ கட்டை கொடுத்தோ வைக்க வேண்டும். இல்லாவிடில் பிளேட் துருவேறி ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது கியர் விழாது.

உட்பகுதி முறிந்திருப்பதாகத் தெரிந்தால், பழுது நீங்கும்வரை நாற்றை முற்ற விட வேண்டாம். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை உழவன் செயலி வழியாக முன்பதிவு செய்யலாம். மெக்கானிக்கை அழைக்கும்போது, "வண்டி ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எஞ்சின் அணைந்ததா இல்லையா, பி.டி.ஓ. சுழன்றதா, சத்தம் கேட்டதா என்ற மூன்றையும் சொல்லுங்கள். அவர் தேவையான உதிரிப் பாகத்துடன் வருவார். தேவையில்லாமல் வண்டியைப் பிரிக்கும் செலவும் உங்களுக்கு மிச்சமாகும்.