தலைவர் வெளியே போனால் வேலை என்னவாகும்?

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடத்தில் வாரத்தில் இரு நாட்கள் வருகைதரு விரிவுரையாளராகப் படிப்பித்து வந்தேன். மற்ற நாட்களில் எனது ஹாட்வெயார் கடை. பல்கலைக்கழகத்துக்கும் கடைத்தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நமது பல்கலைக்கழகங்களில் துறைத் தலைவர் பதவி 3 வருடங்களுக்குரியது. நான் இருந்த காலத்தில் தலைவர் மாறினார். முதலாமவர் கண்டிப்பானவர். பாடத்திட்டத்தில் ஒரு வரியை மாற்றுவதாயினும் அவரது அனுமதி வேண்டும். விரிவுரைகள் நேரத்துக்கு நடந்தன. குறை சொல்ல முடியாது. ஆனால், 4 மணி அடித்ததும் அறைகள் எல்லாம் பூட்டப்பட்டுவிடும்.

அடுத்து வந்தவர் முதற் கூட்டத்திலேயே, எந்தப் பாடத்தைப் படிப்பிக்க விருப்பம், ஏன் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கேட்டது எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்களுக்குக் காரணம் சொன்னார். சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை. அது தலைவரின் கையில் இல்லாத விடயம். இருந்தும் மாலை 6 மணிக்கும் சில அறைகளில் வெளிச்சம் தெரிந்தது.

கேர்ட் லெவினும் அவரது சகாக்களும் அமெரிக்காவின் அயோவாவில் 10 வயதுச் சிறுவர்களை வைத்துச் செய்து 1939இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவூட்ட வேண்டும். அதிகாரம் செலுத்திய தலைவரின் கீழ் வேலை நன்றாகவே நடந்தது. அவர் அறையை விட்டு வெளியேறியதும் குறைந்துவிட்டது. கலந்து பேசி நடத்தியவரின் குழுவோ அவர் இல்லாதபோதும் தொடர்ந்து வேலை செய்தது. "உங்கள் பாட்டில் செய்யுங்கள்" என்று விட்டுவிட்ட தலைவரிடம் வேலையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. (சுதந்திரம் கொடுக்கிறோம் என்று சொல்லும் சில முதலாளிமார் செய்வது இந்த மூன்றாவதைத்தான்.)

கனடாவின் உளவியலாளர் ரொபர்ட் வலரான்ட் 2003இல் தொழிற் பற்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, மனிதன் தானே விரும்பி ஏற்றுக்கொண்டது. மற்றது, உள்ளுக்குள் நெருக்கி அவனை ஆட்டிப் படைப்பது. இரண்டாம் வகையினரும் கடுமையாக உழைப்பார்கள். நிம்மதி மட்டும் இருக்காது. முடிவெடுக்க இடம் கொடுக்கும் தலைவரிடம் முதல் வகைதான் வளர்கிறது.

இதையெல்லாம் மாணவர்களுக்குப் படிப்பித்த நான், கடையில் அந்த முதலாவது துறைத் தலைவராகவே இருந்தேன். நான் விரிவுரைக்குப் போகும் இரு நாட்களிலும் விற்பனை விழுந்தது. "முதலாளி வந்ததும் கேட்டுச் சொல்றோம்" என்ற பதிலோடு வாடிக்கையாளர்கள் திரும்பினார்கள். பெயின்ட் கலப்பதில் அபாரத் திறமையுள்ள ஊழியர் ஒருவர், எதிர்க் கடைக்குப் போகும்போது சொன்னார்: "எட்டு வருஷமா அம்பது ரூபா கழிவுக்கும் உங்கட வாயைத்தானே பார்த்துக்கொண்டு நிண்டேன், முதலாளி." சம்பளத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அதன் பின்னர் மற்ற ஊழியர்களுக்கு 5 சதவீதம் வரை கழிவு கொடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்தேன். முதல் மாதமே ஒரு தம்பி சீமெந்துக்கு 5 சதவீதம் கொடுத்துவிட்டார். சீமெந்தில் இலாபம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். அதிகாரத்தைத் திருப்பி எடுக்க வாய்வரை வந்தது. பிழை அவருடையதல்ல, கொள்விலை தெரியாமல் அவர் எப்படிக் கணக்குப் பார்ப்பார்? புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அந்தப் பிழை திரும்ப வரவில்லை.

கொள்விலையை ஊழியர்களுக்குக் காட்டலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சீமெந்துக்கும் கம்பிக்கும் மட்டும் காட்டியிருக்கிறேன். மற்றவற்றுக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.