புதிய மகளிர் ஃபுட்டி அணியைத் தொடங்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

2017 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை மாலை. மெல்பர்னின் பிரின்சஸ் பார்க் மைதானத்தில் கார்ல்டனும் காலிங்வுட்டும் மோத இருந்தன. ஆஸ்திரேலிய ஃபுட்டி லீக்கின் மகளிர் பிரிவான ஏ.எஃப்.எல்.டபிள்யூ.வின் முதல் ஆட்டம் அது. இதைவிடச் சிறிய மைதானத்தில் நடத்தத்தான் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். அன்று 24,568 பேர் உள்ளே வந்ததும் இடம் நிரம்பி, வாயில் கதவுகளைச் சாத்த வேண்டியதாயிற்று. வெளியே நின்ற கூட்டத்திடம் லீக்கின் அன்றைய தலைமை நிர்வாகி கில்லன் மக்லாக்லன் நேரில் வந்து வருத்தம் தெரிவித்தார்.

பெண்கள் ஆடினால் யார் பார்க்க வருவார்கள் என்ற பழைய கேள்விக்கு அந்தக் கதவு பதில் சொல்லிவிட்டது. அன்று 8 அணிகள், 2022இல் 18. அடுத்ததாகத் தீவு மாநிலமான டாஸ்மேனியா காத்திருக்கிறது. அப்படி ஓர் அணி எப்படி உருவாகிறது, எதை முதலில் செய்ய வேண்டும், எதற்கு அவசரப்படக் கூடாது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். விளையாட்டு நிர்வாகம் படிப்பவர்களும், பெண்களுக்காக எந்த விளையாட்டிலாவது ஓர் அணி கட்ட நினைப்பவர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபுட்டி நமக்குப் பழக்கமான கால்பந்து அல்ல. நீள்வட்ட மைதானம், நீள்வட்டப் பந்து. பந்தைக் காலால் உதைக்கலாம்; கையில் வைத்து மறு கையின் முட்டியால் குத்தி அனுப்பலாம்; எறியக் கூடாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிலுள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளிகள். அவற்றுக்குப் பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி.

ஆண்கள் ஆட்டத்தில் ஓர் அணிக்கு 18 பேர் களத்தில் நிற்பார்கள். மகளிர் லீக்கில் 16 பேர். பந்தும் ஓர் அளவு சிறியது. ஆள் குறைவதால் ஒவ்வொருவரும் ஓட வேண்டிய பரப்பு கூடுகிறது. ஆண்கள் அணியின் திட்டத்தை அப்படியே கொண்டுவந்து மகளிர் அணிக்கு மாட்ட முடியாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

படி 1: உரிமம்

இந்த லீக்கில் மகளிர் அணி தனி நிறுவனமாக நுழைவதில்லை. இப்போதுள்ள 18 அணிகளும் ஆண்கள் அணியை நடத்தும் அதே கிளப்புகளுக்குச் சொந்தமானவை. கிளப் விண்ணப்பிக்கும், லீக் உரிமம் தரும்.

2016இல் 13 கிளப்புகள் விண்ணப்பித்தன. 8 கிளப்புகளுக்கு உடனே இடம் கிடைத்தது. மீதி 5 கிளப்புகளுக்குத் தற்காலிக உரிமம். 2019இல் ஜீலாங்கும் நார்த் மெல்பர்னும் சேர்ந்தன. 2020இல் கோல்ட் கோஸ்ட், ரிச்மண்ட், செயின்ட் கில்டா, வெஸ்ட் கோஸ்ட். 2022 ஆகஸ்டில் தொடங்கிய பருவத்தில் எஸ்ஸண்டன், ஹாதார்ன், போர்ட் அடிலெய்ட், சிட்னி.

காலக்கணக்கைக் கவனியுங்கள். கடைசி நான்கு அணிகளுக்கும் அறிவிப்பு வந்தது 2021 ஆகஸ்டில். முதல் ஆட்டம் அடுத்த ஆகஸ்டில். கையில் இருந்தது ஒரே ஆண்டு. ஆகவே உரிமம் கிடைத்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் பிந்திவிடுவீர்கள். பயிற்சி எங்கே, செலவுக்குப் பணம் எங்கிருந்து, அந்த வட்டாரத்தில் ஆடும் பெண்கள் எத்தனை பேர் என்ற மூன்றுக்கும் விண்ணப்பத்திலேயே விடை இருக்க வேண்டும்.

படி 2: விதை நெல்லைப் பாருங்கள்

அடுத்து நீங்கள் போக வேண்டிய இடம் சிறுமியர் ஆடும் உள்ளூர் மைதானம். முன்பெல்லாம் சிறுமிகள் பையன்களோடு சேர்ந்து ஆடுவார்கள். பதின்ம வயது தொடங்கியதும் அது முடிந்துவிடும். தனி அணி இல்லாத ஊரில் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டியதுதான். கூடைப்பந்து, தடகளம், கால்பந்து என்று பலர் வேறு பக்கம் போனது இப்படித்தான்.

எரின் ஃபிலிப்ஸின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. அவருடைய தந்தை கிரெக் ஃபிலிப்ஸ், போர்ட் அடிலெய்ட் கிளப்பின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். மகளுக்கும் ஃபுட்டிதான் உயிர். தொழில்முறை மகளிர் லீக் இல்லாத காலம் என்பதால் அவர் கூடைப்பந்துக்குப் போனார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற ஆஸ்திரேலிய அணியில் ஆடினார். 2017இல் லீக் பிறந்ததும் திரும்பி வந்து, முதல் பருவத்திலேயே லீக்கின் சிறந்த வீராங்கனையானார். அப்போது அவருக்கு வயது 31.

அவர் திரும்பி வந்தார். வராமலே போனவர்களை எண்ண முடியாது. ஆகவே பள்ளிப் போட்டிகள், 18 வயதுக்குட்பட்டோர் அணி, மாநில அளவிலான மகளிர் அணி என்ற ஏணியை லீக் அணிக்கு முன்பே கட்டத் தொடங்குங்கள்.

படி 3: பயிற்சியாளரும் ஊழியர்களும்

வீராங்கனைகளைச் சேர்ப்பதற்கு முன் தலைமைப் பயிற்சியாளரையும் மகளிர் பிரிவின் தலைமைப் பொறுப்பாளரையும் நியமியுங்கள். எத்தகைய ஆட்டம் ஆடப் போகிறோம் என்பதை முடிவுசெய்யாமல் ஆள் எடுப்பது, வரைபடம் இல்லாமல் செங்கல் வாங்குவது போன்றது.

ஹாதார்ன் தன் முதல் பயிற்சியாளராக பெக் காடர்டைத் தேர்ந்தெடுத்தது. 2017இல் அடிலெய்டுக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்தவர் அவர். போர்ட் அடிலெய்ட், லாரன் ஆர்னலை நியமித்தது. கார்ல்டனின் முதல் கேப்டன். இந்த லீக்கில் ஆடிவிட்டு இதே லீக்கில் தலைமைப் பயிற்சியாளரான முதல் பெண். வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வரும் வீராங்கனையின் களைப்பு எப்படிப்பட்டது என்பதை இவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

உடற்பயிற்சி நிபுணர், பிசியோதெரபிஸ்ட், மருத்துவர் ஆகியோரும் மகளிர் அணிக்கென்றே இருக்க வேண்டும். ஆண்கள் அணிக்கு வேலை முடிந்து மிஞ்சும் நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகும் ஏற்பாடு உதவாது.

படி 4: 30 பேரைச் சேர்ப்பது

ஓர் அணியின் பட்டியலில் அடிப்படையாக 30 பேர். அவர்கள் வரும் வழிகள் நான்கு:

- மற்ற அணிகளிலிருந்து அனுபவசாலிகள்
- டிராஃப்ட் எனப்படும் ஆண்டுத் தேர்வில் இளம் வீராங்கனைகள்
- உள்ளூர் மற்றும் மாநில லீக்கில் நன்றாக ஆடுபவர்கள்
- வேறு விளையாட்டிலிருந்து வருபவர்கள். குறிப்பாக அயர்லாந்தின் கேலிக் கால்பந்து வீராங்கனைகள்

நான்கையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் அணியின் எதிர்காலம் இருக்கிறது. நார்த் மெல்பர்ன் 2019இல் நுழையும்போதே எம்மா கியர்னி, ஜாஸ்மின் கார்னர் போன்ற தேர்ந்த கைகளைக் கொண்டுவந்தது. கியர்னி அதற்கு முந்தைய ஆண்டின் லீக் சிறந்த வீராங்கனை. அந்த அணி முதல் பருவத்திலேயே 7 ஆட்டங்களில் 5 வென்றது. ஆனால் கோப்பைக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2025இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மீண்டும் வென்றது. அனுபவசாலிகள் அடித்தளம் போட்டார்கள். அவர்களைச் சுற்றி இளையவர்கள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தார்கள்.

போர்ட் அடிலெய்ட் 2022இல் எரின் ஃபிலிப்ஸையே முதல் கேப்டனாக அழைத்து வந்தது. அடிலெய்டோடு மூன்று கோப்பைகள் வென்றவர், தந்தை ஆடிய கிளப்புக்கு வந்தார். அணியின் வரலாறு முதல் நாளிலேயே ஒரு குடும்பக் கதையாக மக்கள் மனத்தில் பதிந்தது.

ஓர் எச்சரிக்கை: டிராஃப்ட் வாய்ப்புகளையெல்லாம் கொடுத்துவிட்டு முப்பது வயதைத் தாண்டியவர்களை வாங்கிக் குவிக்காதீர்கள். விதை நெல்லைச் சமைத்துத் தின்றால் அடுத்த போகத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

படி 5: சம்பளமும் ஒப்பந்தமும்

2017இல் பெரும்பாலான வீராங்கனைகளுக்குக் கிடைத்தது சுமார் 8,500 ஆஸ்திரேலிய டாலர். ஆசிரியர், செவிலியர், மாணவி என்று எல்லோரும் வேறு வேலையோடுதான் ஆடினார்கள். 2022இல் எல்லாச் சம்பள அடுக்குகளும் 94 சதவீதம் உயர்ந்தன. 2023இல் ஆண், பெண் இரு பிரிவினருக்கும் சேர்த்து முதன்முறையாக ஒரே ஒப்பந்தம் போடப்பட்டது. அதன்படி மகளிர் சராசரிச் சம்பளம் 2023இல் சுமார் 60,000 டாலர். 2027இல் சுமார் 82,000 டாலர்.

சம்பள அடுக்குகளைத் தீர்மானிப்பது ஒப்பந்தம். கிளப் தீர்மானிக்கக் கூடியவை வேறு. பயிற்சி நேரத்தை வேலைநேரத்தோடு மோதாமல் அமைப்பது, ஊர் விட்டு வருபவருக்குத் தங்குமிடமும் பகுதிநேர வேலையும் தேடித் தருவது, தாயாகும் வீராங்கனையை அணியிலேயே வைத்துத் தாங்குவது. இரண்டு கிளப்புகள் ஒரே சம்பளம் தரும்போது ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதை இவைதான் முடிவுசெய்கின்றன.

படி 6: மைதானம், உடைமாற்றும் அறை, உடை

பழைய மைதானங்கள் பலவற்றில் உடைமாற்றும் அறைகள் ஆண்களுக்கென்றே கட்டப்பட்டவை. மறைப்பில்லாத குளியல் இடம், ஆண்களுக்கான கழிப்பிட வரிசை. ஒரு தொழில்முறை வீராங்கனையை அங்கே அனுப்பிவிட்டு, “நீயும் எங்கள் கிளப்தான்” என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார். தடுப்புள்ள குளியலறை, கைக்குழந்தையோடு வருபவருக்கு ஓர் அறை, ஆண்கள் அணி பயன்படுத்தும் அதே உடற்பயிற்சிக் கூடத்தில் நல்ல நேரம் ஆகியவற்றை முதல் செலவுக் கணக்கிலேயே எழுதுங்கள்.

உடையும் அப்படித்தான். மாதவிடாய் நாளில் வெள்ளை அரைக்கால்சட்டை போட்டு ஆடுவது எவ்வளவு மனவுளைச்சல் என்பது பெண்களுக்குத் தெரியும். 2023இல் இந்த லீக் வெள்ளை அரைக்கால்சட்டையைக் கைவிட்டது. உடையை வடிவமைக்கும் மேசையில் வீராங்கனைகளை உட்கார வையுங்கள்.

படி 7: உடலையும் மனத்தையும் காப்பது

சுவர் இருந்தால்தான் சித்திரம். முழங்காலில் உள்ள ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். கிழிந்தால் பொதுவாக ஓர் ஆண்டு போய்விடும். சரியாகக் குதித்து இறங்குவது, திசை திருப்புவது, பந்தோடு ஓடுபவரைப் பிடித்து மடக்கும் டேக்கிளைச் செய்வது, டேக்கிளை வாங்கிக் கீழே விழுவது ஆகியவற்றைக் கற்றுத் தரும் ‘பிரெப் டு பிளே’ பயிற்சித் திட்டத்தை லீக்கே வகுத்துள்ளது. அதை ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் வையுங்கள்.

தலையில் அடிபட்டால் சமரசமே கூடாது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டவர் 12ஆம் நாளுக்கு முன் களத்துக்குத் திரும்ப விதி இடம் தராது. அடிலெய்டின் 2017 கோப்பை அணியில் ஆடிய ஹெதர் ஆண்டர்சன் 2022இல் காலமானார். அவருக்கு சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது மறு ஆண்டு தெரியவந்தது. தொழில்முறை வீராங்கனை ஒருவரிடம் அது கண்டறியப்பட்டது உலகிலேயே அதுதான் முதல் முறை. அந்தப் பெயரை எந்தப் புதிய அணியும் மறக்கக் கூடாது.

மனத்தையும் காக்க வேண்டும். 2019இல் வீராங்கனை டெய்லா ஹாரிஸ் காலை உயரத் தூக்கிப் பந்தை உதைக்கும் படம் இணையத்தில் வந்தபோது, ஆபாசமான கருத்துகள் குவிந்தன. படத்தை வெளியிட்டவர்கள் அதை நீக்கினார்கள். எதிர்ப்பு எழுந்ததும் மீண்டும் வெளியிட்டார்கள். அதே ஆண்டு அந்த உதை, மெல்பர்னின் ஃபெடரேஷன் சதுக்கத்தில் சிலையாக நின்றது. நீக்க வேண்டியது கருத்தை; வீராங்கனையின் படத்தை அல்ல. இந்தப் பொறுப்பு யாருடையது என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிவுசெய்து வையுங்கள்.

படி 8: பெயர், நிறம், உறுப்பினர்

2023 மே 3இல் டாஸ்மேனியாவுக்கு 19ஆவது உரிமம் கிடைத்தது. 2024 மார்ச்சில் ‘டெவில்ஸ்’ என்ற பெயரும், பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களும், மார்பில் தீவின் வரைபடம் பதித்த ஜெர்சியும் வெளியாயின. உறுப்பினர் கட்டணம் 10 டாலர். எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. அந்தத் தீவின் மக்கள்தொகையே ஆறு லட்சத்தைத் தொடாது. அப்போது லீக்கில் அதன் ஓர் அணிகூடக் களத்தில் இறங்கியிருக்கவில்லை. தங்கள் மண்ணின் வடிவத்தை ஜெர்சியில் பார்த்தவர்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள்.

பெயரும் நிறமும் ஆண்கள் அணிக்கும் மகளிர் அணிக்கும் ஒரே நாளில், ஒரே மேடையில் அறிவிக்கப்படட்டும்.

படி 9: முதல் ஆட்டம்

பெரிய அரங்கில் சிறு கூட்டம் வெறுமையாகத் தெரியும். சிறிய மைதானத்தில் பெருங்கூட்டம் வெளியே நிற்கும். 2022இல் எஸ்ஸண்டனும் ஹாதார்னும் தங்கள் முதல் ஆட்டத்தை ஒரு சிறிய மைதானத்தில் வைத்திருந்தன. டிக்கெட்டுக்கு வந்த தேவையைப் பார்த்து மார்வல் அரங்குக்கு மாற்றின. 12,000 பேருக்கும் மேல் வந்தார்கள். மாற்று மைதானம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே டிக்கெட் விற்கத் தொடங்குங்கள். ஆட்டம் முடிந்ததும் வீராங்கனைகள் வேலியோரம் வந்து சிறுமிகளுக்குக் கையெழுத்திட நேரம் ஒதுக்குங்கள். அடுத்த தலைமுறையின் சேர்க்கை அங்கேதான் நடக்கிறது.

படி 10: மூன்று ஆண்டு பொறுத்திருங்கள்

முதல் ஆண்டின் புள்ளிப் பட்டியலை வைத்து யாரையும் தீர்ப்பிடாதீர்கள். சிட்னி 2022இல் 10 ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த ஆண்டு காலிங்வுட்டிலிருந்து க்ளோயி மொலோய் வந்தார், இளையவர்களும் தேறினார்கள், அணி இறுதிச்சுற்றுகளுக்குப் போய் ஓர் ஆட்டம் வென்றது. கோல்ட் கோஸ்டின் பாதை நேர் எதிர். 2020இல் முதல் பருவத்திலேயே இறுதிச்சுற்றுகளை எட்டியது. 2021இல் ஒரு வெற்றிகூட இல்லை. ரிச்மண்ட் முதல் பருவத்தில் எல்லா ஆட்டங்களிலும் தோற்று, 2022 இறுதியில் முன்னணி அணிகளுக்குள் வந்தது.

கையில் வைத்துக்கொள்ள ஒரு பட்டியல்

- 18 மாதம் முன்: உள்ளூர்ச் சிறுமியர் அணிகளின் கணக்கெடுப்பு, பண ஏற்பாடு, பயிற்சி மைதானம்
- 12 மாதம் முன்: தலைமைப் பயிற்சியாளர், மருத்துவக் குழு
- 9 மாதம் முன்: அனுபவசாலிகளோடு ஒப்பந்தம், டிராஃப்ட் திட்டம்
- 6 மாதம் முன்: உடைமாற்றும் அறைகள் தயார், உறுப்பினர் சேர்க்கை
- 3 மாதம் முன்: முழங்கால் பாதுகாப்புப் பயிற்சி, பயிற்சி ஆட்டங்கள்
- 1 மாதம் முன்: மாற்று மைதானம், டிக்கெட், இணையப் பாதுகாப்புப் பொறுப்பாளர்

டாஸ்மேனியாவின் அணிகள் 2028இல் களமிறங்கத் திட்டமிட்டுள்ளன. அந்த மகளிர் அணியில் ஆடப் போகும் சிலர் இன்று அந்தத் தீவின் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் எந்த ஊரில், எந்த விளையாட்டில் பெண்கள் அணி தொடங்கினாலும் முதல் வேலையாக அப்படி ஒரு மைதானத்துக்குப் போங்கள். அங்கே ஆடும் சிறுமியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதிலும் அவள் ஆடிக்கொண்டிருக்க என்ன வேண்டுமோ, அதை முதலில் செய்யுங்கள்.