குரலுக்கேற்ற ஒலிவாங்கி

கோலா சிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயாவை நோக்கிச் செல்லும் சாலையோரங்களில் இன்று செம்பனை மரங்களே மிகுதியாகக் காணப்படுகின்றன. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், இவ்வட்டாரத்தைச் சேர்ந்த தென்னமாரம் தோட்டத்தில்தான் நம் நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனையை வணிக நோக்கில் பயிரிட்டார். அதற்கு முன்பிருந்தே இங்கு இரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில் தமிழர்கள் பல தலைமுறைகளாகப் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் வாழ்ந்து வந்தனர்.

அவ்வாழ்க்கையில் பாட்டுக்கும் இடம் இருந்தது. தொட்டிலருகே தாலாட்டு ஒலித்தது; களைப்புத் தீரத் தெம்மாங்கு பிறந்தது; திருவிழாவில் கும்மியும் கோலாட்டமும் களைகட்டின; இழவு வீட்டில் ஒப்பாரி எழுந்தது. இவற்றுள் பல எந்த ஏட்டிலும் எழுதப்படாதவை. தாய் பாடியதைக் கேட்டு மகள் பாடினாள். அவளிடமிருந்து பேத்தி கற்றாள்.

காலப்போக்கில் தோட்டங்கள் சில வீடமைப்புப் பகுதிகளாக மாறின. குடும்பங்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தன. பாடுவதற்கான சூழல் குறைந்ததால் பாட்டும் குறைந்தது. இன்று அப்பாடல்களை முழுமையாக அறிந்தவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. அவர்கள் பாடுவதைக் கேட்டுச் சொற்களை எழுதி வைக்கலாம். ஆனால், ஓர் அடியின் முடிவில் குரல் இழுபடும் விதத்தையும், மூச்சு வாங்கும் இடத்தையும், 'ஆராரோ' என்னும் சொல் மெல்லக் கரையும் அழகையும் தாளில் எழுத இயலாது. அவற்றைக் காப்பதற்கு ஒலிப்பதிவு தேவை. நல்ல ஒலிப்பதிவு, குரலுக்கேற்ற ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறது.

ஒலிவாங்கி இல்லாத காலம்

தொடக்ககால ஒலிப்பதிவில் ஒலிவாங்கி என்பதே கிடையாது. 1902ஆம் ஆண்டில் ஃபிரெட் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். அப்போது பாடுபவர் ஒரு பெரிய கூம்புக் குழலின் வாய்க்கு அருகில் நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. குழலுக்குள் புகுந்த ஒலியின் விசையே ஊசியை அசைத்துத் தட்டில் வரி கீறியது. மென்மையான குரல்களுக்கு அங்கு இடமில்லை. நாடக மேடையிலும் இதே நிலைதான். ஒலிவாங்கியின் துணையின்றிக் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாடியதாலேயே கே.பி.சுந்தராம்பாள் போன்றவர்கள் பெரும்புகழ் பெற்றனர்.

1916ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஈ.சி.வென்டே என்ற அறிவியலாளர் மின்தேக்கி ஒலிவாங்கியை உருவாக்கினார். 1925ஆம் ஆண்டளவில் மின்வழி ஒலிப்பதிவு பரவத் தொடங்கியது. அதன்பிறகு, உரத்த குரலுக்கு மட்டுமன்றித் தாழ்ந்த குரலுக்கும் பதிவுலகில் இடம் கிடைத்தது. தொட்டிலருகே மெல்லப் பாடும் ஒரு பாட்டியின் குரலை இன்று தெளிவாகப் பதிவு செய்ய முடிகிறதென்றால், அதற்கு இம்மாற்றமே அடிப்படையாகும்.

இரண்டு வகை ஒலிவாங்கிகள்

குரலைப் பதிவு செய்யப் பெரும்பாலும் இரண்டு வகை ஒலிவாங்கிகள் பயன்படுகின்றன. முதலாவது, இயங்குச்சுருள் ஒலிவாங்கி. இதில் ஒரு மெல்லிய சவ்வுடன் கம்பிச்சுருள் இணைக்கப்பட்டிருக்கும். ஒலி பட்டுச் சவ்வு அசையும்போது, காந்தப்புலத்தினுள் சுருளும் அசைந்து மின்சாரத்தை உண்டாக்கும். கோயில் திருவிழா மேடைகளிலும் பள்ளி மண்டபங்களிலும் கையில் பிடித்துப் பேசப்படும் ஒலிவாங்கி பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே. இஃது உறுதியானது, கீழே விழுந்தாலும் எளிதில் பழுதாகாது.

இரண்டாவது, மக்கள் 'கண்டென்சர் மைக்' என்று அழைக்கும் மின்தேக்கி ஒலிவாங்கி. இதில் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய சவ்வு ஒன்று, ஓர் உலோகத் தகட்டுக்கு மிக அருகில் நிறுத்தப்பட்டிருக்கும். சவ்வும் தகடும் சேர்ந்து மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கின்றன. ஒலியலை பட்டதும் அவற்றின் இடைவெளி மாறுகிறது. அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறுகிறது. சுருளைச் சுமக்க வேண்டிய தேவை இல்லாததால், இச்சவ்வு மிக நுண்ணிய அசைவுக்கும் இசைந்து கொடுக்கிறது. ஆகவே, முதியவரின் மெலிந்த குரலும் அக்குரலின் நடுக்கமும் இதில் தெளிவாகப் பதிவாகின்றன.

மின்தேக்கி ஒலிவாங்கிக்கு மின்சாரம் தேவை. ஒலிப்பதிவுக்கூடங்களில் பயன்படும் ஒலிவாங்கிக்கு 48 வோல்ட் மின்சாரம், ஒலியைக் கொண்டு செல்லும் அதே கம்பி வழியாக வழங்கப்படுகிறது. கணினிக்கும் ஒலிவாங்கிக்கும் நடுவில் வைக்கப்படும் ஒலி இடைமுகக் கருவி இதனை வழங்கும். நேரடியாகக் கணினியில் செருகும் யு.எஸ்.பி. ஒலிவாங்கிக்கு இத்தகைய தனிக்கருவி வேண்டியதில்லை. தனியொருவர் பாடுவதை மட்டும் பதிவு செய்யும் பள்ளிக் குழுவிற்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். எனினும், பாடுபவருக்கு ஒன்றும் பக்க இசைக்கு ஒன்றுமாக இரண்டு ஒலிவாங்கிகள் தேவைப்பட்டால், ஒலி இடைமுகக் கருவியை வாங்குவதே அறிவுடைமை.

அறையும் பாடுகிறது

மின்தேக்கி ஒலிவாங்கி நுட்பமாகக் கேட்கும் என்பது அதன் சிறப்பு. அதுவே அதன் சிக்கலும் ஆகும். பாட்டியின் குரலைக் கேட்கும் அதே கூர்மையோடு, அது சுழலும் மின்விசிறியையும், குளிர்பதனப் பெட்டியின் உறுமலையும், வெளியே செல்லும் மோட்டார் சைக்கிளையும் கேட்கும். தோட்டத்து வரிசை வீடுகள் பலவற்றின் கூரை தகரத்தால் ஆனது. பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால், அவ்வோசையில் எந்தக் குரலும் மூழ்கிவிடும். மாலை மயங்கியதும் சில்வண்டுகள் தொடங்கிவிடும். சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் ஒலியை எதிரொலித்து, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல் ஆக்கிவிடும்.

ஆகவே, ஒலிவாங்கியை வாங்குவதற்கு முன்னரே, எந்த அறையில் பதிவு செய்வது என்பதை முடிவு செய்ய வேண்டும். துணிமணிகளும் மெத்தையும் நிறைந்த படுக்கையறை, விசாலமான வரவேற்பறையைவிடப் பல வேளைகளில் சிறந்தது. துணி ஒலியை உறிஞ்சிக்கொள்கிறது. பாடுபவரின் பின்புறம் கனத்த போர்வையைத் தொங்கவிட்டால் எதிரொலி மேலும் குறையும். மின்விசிறியைப் பாடும் நேரத்திற்கு மட்டும் நிறுத்தலாம். முதியவருக்குப் புழுக்கம் தாங்காது என்பதால், ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு ஓய்வு கொடுப்பது நல்லது. மழை பெய்யாத காலை வேளையே பதிவுக்கு ஏற்றது.

இரைச்சலை எவ்வகையிலும் தவிர்க்க முடியாத இடங்களும் உண்டு. கோயில் மண்டபத்தில் பலர் சூழ்ந்திருக்க ஒருவர் பாடுவதைப் பதிவு செய்யும்போது, வாய்க்கு அருகில் பிடிக்கப்பட்ட இயங்குச்சுருள் ஒலிவாங்கியே நல்ல பலனைத் தரும். மின்தேக்கி ஒலிவாங்கிதான் எப்போதும் உயர்ந்தது என்று எண்ணுவது தவறு.

விலையும் தரமும்

ஒலிவாங்கிகளின் விலை சில நூறு ரிங்கிட்டில் தொடங்கிப் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேலும் செல்கிறது. எந்த விலையில் வாங்குவது என்பதை அறிய, ஒலிவாங்கியுடன் தரப்படும் விவரக்குறிப்பைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதில் மூன்று செய்திகள் முக்கியமானவை.

முதலாவது, தன்னிரைச்சல். எந்த ஒலியும் இல்லாதபோதும் கருவி தானாக எழுப்பும் மெல்லிய 'உஸ்' என்ற ஓசையே தன்னிரைச்சல். இது டெசிபல் அளவில் குறிக்கப்படும். எண் குறையக் குறைய நன்று. உலகப் புகழ் பெற்ற நியூமன் யு 87 ஏஐ ஒலிவாங்கியின் தன்னிரைச்சல் 12 டெசிபல். அதைவிடப் பல மடங்கு மலிவான ரோட் என்டி1-ஏ ஒலிவாங்கியின் தன்னிரைச்சலோ 5 டெசிபல்தான். தொடக்கநிலைப் பயனர் பலர் வாங்கும் ஆடியோ-டெக்னிக்கா ஏடி2020 ஒலிவாங்கிக்கு அது 20 டெசிபல். எனவே, விலை கூடினால் எல்லாமே கூடிவிடும் என்பதில்லை. மெல்லிய தாலாட்டைப் பதிவு செய்பவருக்குத் தன்னிரைச்சல் முதன்மையானது. உரத்த தெம்மாங்கைப் பதிவு செய்பவர் அதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படத் தேவையில்லை.

இரண்டாவது, திசை. இதய வடிவத் திசையமைப்புடைய ஒலிவாங்கி முன்புற ஒலியை நன்கு வாங்கும்; பின்புற ஒலியைப் பெரிதும் தள்ளிவிடும். வீட்டில் பதிவு செய்ய இதுவே ஏற்றது. அதன் பின்புறம் சன்னலையோ சாலையையோ நோக்கியிருக்குமாறு வைத்தால், வெளியோசை குறையும். எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை வாங்கும் வகை, வட்டமாக நின்று கும்மியடிப்போரைப் பதிவு செய்ய உதவும்.

மூன்றாவது, தாங்கும் ஒலியளவு. ஒப்பாரியில் குரல் திடீரென உச்சத்திற்கு எழும். அப்போது ஒலி சிதையாமல் இருக்க, ஒலிவாங்கி உரத்த ஒலியையும் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஒரு சாண் தொலைவு

நல்ல ஒலிவாங்கியும் தவறான இடத்தில் வைக்கப்பட்டால் பயன் தராது. பாடுபவரின் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு சாண், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை இருப்பது பொருத்தமானது. தொலைவு இரு மடங்கானால் குரலின் அளவு 6 டெசிபல் குறையும். 15 சென்டிமீட்டரில் வைக்க வேண்டிய ஒலிவாங்கியை 60 சென்டிமீட்டரில் வைத்தால், குரல் 12 டெசிபல் தாழ்ந்துவிடும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். மிக அருகில் வைத்தாலும் சிக்கலே. இதய வடிவத் திசையமைப்புடைய ஒலிவாங்கியில் குரலின் கீழ்ச்சுருதி மிகைப்பட்டுச் சொற்கள் மழுங்கும். 'ப', 'ம்ப' போன்ற ஒலிகளில் வெளிப்படும் காற்று சவ்வில் மோதாமலிருக்க, மெல்லிய துணியாலான காற்றுத் தடுப்பை நடுவில் வைக்க வேண்டும்.

காதே நடுவர்

இரண்டு ஒலிவாங்கிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில், அவற்றை இரவல் பெற்றாவது ஒப்பிட்டுக் கேட்பது சிறந்தது. பாடப்போகும் அதே குரல், பாடப்போகும் அதே அறையில், ஒரே பாடலடியை இரண்டிலும் பாட வேண்டும். பிறகு இரண்டு பதிவுகளையும் ஒரே ஒலியளவுக்குக் கொண்டு வந்து, எது எந்த ஒலிவாங்கி என்று அறியாத நிலையில் கேட்க வேண்டும். இவ்வாறு சமப்படுத்தாவிட்டால், சற்று உரக்க ஒலிப்பதே நல்லது போல் தோன்றி ஏமாற்றிவிடும். ஒரு பாடகருக்கு ஏற்ற ஒலிவாங்கி இன்னொருவருக்குக் கூர்மையாக, காதைக் குத்துவதாகப் படலாம்.

கடலை ஒட்டிய கோலா சிலாங்கூரில் காற்றின் ஈரப்பதம் அதிகம். ஈரம் சவ்வில் படிந்தால் பதிவில் படபடவென்ற ஓசை எழும். ஆகவே, ஒலிவாங்கியை ஈரமுறிஞ்சிப் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து வெளியே கொண்டு சென்றால், அது சூழலின் வெப்பத்திற்கு வரும்வரை காத்திருந்து பயன்படுத்த வேண்டும்.

பதிவை முடித்தவுடன் பாடியவரின் பெயர், தோட்டத்தின் பெயர், நாள், பாட்டின் வகை ஆகியவற்றை அவரது இசைவோடு குறித்து வைப்பதும் பதிவாளரின் கடமையாகும். கோப்பைச் சுருக்காத வடிவில், இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமிக்க வேண்டும்.

பழுதான ஒலிவாங்கியை மாற்றிக்கொள்ளலாம். மலிவானதைப் பின்னர் மேம்படுத்திக்கொள்ளலாம். எண்பது வயதைக் கடந்த ஒருவர் இன்று நினைவுகூர்ந்து பாடும் பாட்டு, நாளை அவருக்கே நினைவில் இல்லாமல் போகலாம். ஆதலால், விலையுயர்ந்த கருவி கிடைக்கும்வரை காத்திருப்பதைவிட, குரலையும் இடத்தையும் அறிந்து, கைக்கு எட்டிய ஒலிவாங்கியைக் கொண்டு காலத்தே பதிவு செய்வதே மேலானது.

கருத்துணர்தல்

1. தோட்டப் பாடல்களைத் தாளில் எழுதி வைப்பது மட்டும் போதாது என்பதற்குக் காரணம் யாது?

2. மின்தேக்கி ஒலிவாங்கியின் சிறப்பே அதன் சிக்கலாகவும் அமைவது எவ்வாறு?

3. தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைப் பதிவு செய்யும்போது ஒலிவாங்கியின் எந்தெந்தத் தன்மைகளில் கவனம் செலுத்த வேண்டும்? ஏன்?

4. இரண்டு பதிவுகளை ஒப்பிடும்போது அவற்றின் ஒலியளவைச் சமப்படுத்துவது ஏன் இன்றியமையாதது?

5. உன் குடும்பத்தில் அல்லது வட்டாரத்தில் உள்ள முதியவர் ஒருவர் அறிந்த பாடலைப் பதிவு செய்ய ஒரு திட்டம் வகுத்திடுக. அறை, நேரம், ஒலிவாங்கி ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தமைக்கான காரணங்களையும் குறிப்பிடுக.